ஓட்டப் பயிற்சி பெண் பிள்ளைகளின் தன்னம்பிக்கையை வளர்க்குமா? தேசூர் மாதிரி நெசவு ஊர்களில் எப்படித் தொடங்கலாம்?

ஏழாம் வகுப்பு வரை பள்ளி விளையாட்டு விழாவில் எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடிய பெண், ஒன்பதாம் வகுப்பில் மைதானத்து ஓரமாக நின்று கைதட்டிக்கொண்டிருப்பாள். கால் மாறவில்லை, மைதானமும் மாறவில்லை. "வயசுக்கு வந்த புள்ள இனிமே எதுக்கு ஓடணும்?" என்ற ஒரு கேள்வி மட்டும் நடுவில் வந்திருக்கும். பல வீடுகளில் பெண் பிள்ளையின் ஓட்டம் நிற்கும் இடம் இதுதான். பல பெண்களுக்குத் தன் மேல் இருந்த நம்பிக்கை குறையத் தொடங்குவதும் இதே வயதில்தான்.

இந்த வயதுப் பெண்களை மறுபடி ஓட வைத்தால் என்ன நடக்கும்? உலகில் எங்கே செய்து பார்த்திருக்கிறார்கள்? நம் ஊர்ப் பள்ளியில் செலவில்லாமல் செய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

பிரச்சினை எவ்வளவு பெரிசு?

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் 2016-ம் ஆண்டுத் தகவலை அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அலசி, 2019-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயதுக்குள் இருந்த மாணவிகளில் 85 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. மாணவர்களில் இது 78 விழுக்காடு.

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் இருக்கும் தேசூர், ஆரணிப் பட்டு நெசவோடு சேர்ந்து பேசப்படும் பகுதியில் உள்ள பேரூராட்சி. இப்படிப்பட்ட நெசவு ஊர்களில் தறி இருக்கும் வீட்டுப் பெண் பிள்ளைக்குப் பள்ளி விட்டால் வேலை காத்திருக்கும். தார் சுற்ற வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதை யாரும் கேட்க மாட்டார்கள். பள்ளியில் உள்ள விளையாட்டு நேரம்தான் அவளுக்கு மிச்சம். அதையும் கணக்குப் பாடத்துக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்கிற வழக்கம் உண்டு. "பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள்" என்று, விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அந்த வழக்கம் பரவலாக இருந்தது.

ஓடுவதற்கும் தன்னம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம்?

'என்னால் இது முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் நான்கு வழிகளாகப் பிரித்துச் சொன்னார். ஓட்டத்தில் இந்த நான்குமே கிடைக்கிறது.

• செய்து முடித்த அனுபவம்: நான்கிலும் பலமானது இதுதான். போன வாரம் இரண்டு சுற்றில் நின்றவள் இந்த வாரம் மூன்று சுற்று ஓடுகிறாள். இதை அவளுக்கு யாரும் பாராட்டாகச் சொல்ல வேண்டியதில்லை, அவளே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

• தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்ப்பது: தொலைக்காட்சியில் தெரியும் ஒலிம்பிக் வீராங்கனையைவிட, பக்கத்துத் தெரு அக்கா ஐந்து கிலோமீட்டர் ஓடி முடிப்பது ஒரு சிறுமியை அதிகமாக அசைக்கும்.

• நம்புகிறவர் சொல்லும் சொல்: "இன்னும் ஒரு சுற்று, உன்னால முடியும்" என்று ஆசிரியர் சொல்வது வேலை செய்யும். ஆனால் அவளால் எட்டக்கூடிய இலக்காக அது இருக்க வேண்டும்.

• உடல் சொல்வதைப் புரிந்துகொள்வது: நெஞ்சு படபடப்பதும் மூச்சு வாங்குவதும் பயத்தின் அடையாளம் மட்டுமில்லை, உழைப்பின் அடையாளமும்தான். ஓடிப் பழகியவளுக்கு இது தெரியும். மேடையில் பேசும்போதும் தேர்வு அறையில் உட்காரும்போதும் இதே படபடப்பு வரும். அப்போது அது அவளுக்குப் புதுசாக இருக்காது.

தறி வீட்டில் வளர்கிற பிள்ளைக்கு இந்தக் கணக்கு தெரிந்ததுதான். புடவை ஒரே நாளில் இறங்குவதில்லை, இன்றைக்கு எத்தனை முழம் என்றுதான் பார்ப்பார்கள்.

உலகில் இதை யார் செய்கிறார்கள்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் சார்லட் நகரில் 1996-ல் மாலி பார்க்கர் என்பவர் 13 சிறுமிகளோடு 'கேர்ள்ஸ் ஆன் தி ரன்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுமிகள் சில வாரங்கள் குழுவாகச் சேர்ந்து பயிற்சி செய்வார்கள். ஓட்டத்தோடு, கோபம் வந்தால் என்ன செய்வது, தோழி கேலி செய்தால் எப்படிப் பேசுவது போன்ற விஷயங்களும் பாடமாக வரும். கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஐந்து கிலோமீட்டர் தூரத்தைக் கடப்பார்கள். ஓடலாம், நடக்கலாம், குதித்துக்கொண்டும் போகலாம். முடிப்பதுதான் கணக்கு.

இந்தத் திட்டத்தை மினசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் மவுரீன் வைஸ் தலைமையிலான குழு ஆராய்ந்தது. தொடக்கத்தில் தன்னம்பிக்கை குறைவாக இருந்த சிறுமிகளிடம்தான் முன்னேற்றம் அதிகமாகத் தெரிந்தது. ஏற்கெனவே நன்றாக ஓடுகிற நான்கு பேரை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுத்தால், பலன் அதிகம் தேவைப்படுகிறவர்கள் வெளியிலேயே நின்றுவிடுவார்கள் என்பது இதில் இருந்து கிடைக்கும் பாடம்.

இந்தியாவில் பி.டி. உஷா 2002-ல் கேரளத்தின் கொயிலாண்டியில் பெண்களுக்கென்றே 'உஷா ஸ்கூல் ஆஃப் அத்லெட்டிக்ஸ்' தொடங்கினார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நொடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்தவர் அவர். அந்தப் பள்ளியில் வளர்ந்த டின்டு லூகா 2010-ல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 நொடியில் ஓடி தேசிய சாதனை படைத்தார். இது பதக்கத்துக்கான பயிற்சி. சார்லட்டில் தொடங்கியது எல்லோருக்குமான பயிற்சி. இரண்டுமே தேவைதான், ஆனால் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி தொடங்க வேண்டியது இரண்டாவதில் இருந்து.

தமிழ்நாட்டு அனுபவம் என்ன சொல்கிறது?

மதுரை சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணி சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டிதான் வளர்த்தார். பள்ளிப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தவரைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டுபிடித்தார். முதலில் தயங்கிய பாட்டியைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க உதவினார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ரேவதி ஓடினார். அதே அணியில் ஓடிய சுபா வெங்கடேசன் திருச்சிக்காரர். ரேவதியின் கதையில் திறமை எவ்வளவு முக்கியமோ, வீட்டுக்கு வந்து பேசிய ஒரு பெரியவரும் விடுதியில் கிடைத்த ஒரு இடமும் அவ்வளவு முக்கியம்.

இன்னொரு கதையும் இருக்கிறது. புதுக்கோட்டை கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அவரது உடலைப் பற்றி ஊரும் ஊடகமும் விவாதித்தன. ஓட்டம் கொடுத்த மதிப்பை அமைப்புகளே உடைத்துப் போட்டன. பிறகு அவர் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகவும் ஆனார். பெண்ணை ஓட வைத்தால் மட்டும் போதாது, அவள் பக்கம் நிற்கவும் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

பள்ளியில் தொடங்குவது எப்படி?

தேவைப்படுவது ஒரு மைதானம், ஒரு விசில், கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி, ஆளுக்கு ஒரு நோட்டு. ஓடுபாதை இல்லையென்றால் மைதானத்தின் நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, ஒரு சுற்று எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்துகொண்டால் போதும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், தினமும் 45 நிமிடம், மொத்தம் பத்து வாரம் என்று வைத்தால் ஒரு மாதிரித் திட்டம் இப்படி இருக்கும்:

• 1, 2-ம் வாரம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இதை ஏழெட்டு முறை.
• 3, 4-ம் வாரம்: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை.
• 5 முதல் 7-ம் வாரம் வரை: நான்கைந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை.
• 8, 9-ம் வாரம்: நிற்காமல் 10 முதல் 15 நிமிடம் வரை.
• 10-ம் வாரம்: நிறைவு ஓட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு கிலோமீட்டர், பெரிய பிள்ளைகளுக்கு ஐந்து வரை. நடுவில் நடக்கலாம்.

எவ்வளவு வேகம்? பக்கத்தில் ஓடுகிறவளோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். பேச்சு வரவில்லை என்றால் வேகம் அதிகம்.

நோட்டில் நான்கு பத்தி போதும்: தேதி, எத்தனை சுற்று, எவ்வளவு நேரம், எப்படி இருந்துச்சு. கடைசிப் பத்தியை அவள் பேச்சு வழக்கிலேயே எழுதட்டும். யார் முதலிடம் என்று அறிவிக்க வேண்டாம். "போன வாரத்தைவிட ஒரு சுற்று கூட ஓடியவங்க கையைத் தூக்குங்க" என்று கேளுங்கள். தூக்குகிற கைகள் நிறைய இருக்கும்.

பெற்றோர் வழக்கமாகக் கேட்பது

ஓடினால் கர்ப்பப்பைக்கு ஆபத்தா? ஆரோக்கியமான பெண் பிள்ளைக்கு ஓட்டத்தால் கர்ப்பப்பை இறங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்தப் பயம் உலகம் முழுக்க இருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடியபோது 'பெண் உடம்பு தாங்காது' என்று சொல்லி அந்தப் போட்டியையே எடுத்துவிட்டார்கள். திரும்பக் கொண்டுவந்தது 1960-ல்தான். 1984 முதல் பெண்கள் ஒலிம்பிக்கில் 42 கிலோமீட்டர் மாரத்தானே ஓடுகிறார்கள்.

மாதவிடாய் நாட்களில் ஓடலாமா? உடம்பு ஒத்துழைத்தால் ஓடலாம், வலி இருந்தால் ஓய்வு. முடிவு அவளுடையது. பயிற்சி தொடங்கிய பிறகு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, சாப்பாடு போதவில்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வெயில்ல கறுத்துப் போயிட மாட்டாளா? கறுப்பு ஒரு குறையே இல்லை. ஆனால் வெயில் உடம்புக்கு ஆபத்து. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

படிப்பு கெடாதா? வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் படிப்பு கெடாது. நன்றாக ஓடுகிறவர்களுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், வேலை என்ற வழியும் உண்டு.

ஊர் என்ன பேசும்? பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிற பெண்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நடந்து நடந்து கண்ணுக்குப் பழகிவிட்டது. ஓடும் பெண்ணும் அப்படித்தான். ஒருத்தி தனியாக ஓடினால் வேடிக்கை பார்ப்பார்கள், இருபது பேர் சேர்ந்து ஓடினால் பழகிவிடுவார்கள்.

கவனிக்க வேண்டியவை

ரத்தசோகை: தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை உள்ளது. ஓடத் தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். சீக்கிரம் களைத்துப் போகும் பிள்ளையைச் 'சோம்பேறி' என்று திட்டாதீர்கள், காரணம் ரத்தத்தில் இருக்கலாம். பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போட வேண்டும். வீசிங், இதயக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொன்ன பிறகே ஓட வேண்டும்.

கழிப்பறை, தண்ணீர், உடை: உடை மாற்ற இடமும் தண்ணீர் வரும் கழிப்பறையும் இல்லாத பள்ளியில் திட்டம் மூன்றாவது வாரமே நின்றுவிடும். சுடிதாரோ டிராக் பேன்ட்டோ, அவளுக்கு எது வசதியோ அதில் ஓடட்டும்.

பாதுகாப்பு: சென்னையில் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்துவந்த தடகளப் பயிற்சியாளர் ஒருவர் 2021-ல் போக்சோ சட்டத்தில் கைதானார். பயிற்சியாளர் மேல் இருக்கும் மரியாதையே பிள்ளையின் வாயைக் கட்டிவிடக்கூடும். அதனால் பயிற்சியின்போது பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தனியறையில் பயிற்சியோ மசாஜோ கூடாது. இரவில் தனிப்பட்ட மெசேஜ் கூடாது. பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். 'வேண்டாம்' என்று சொல்லவும் நடந்ததை வீட்டில் சொல்லவும் பழக்குவது இந்தத் திட்டத்தின் முதல் பாடமாக இருக்கட்டும். புகாருக்குக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம்.

அடுத்த கட்டம் எங்கே?

பத்து வாரம் முடிந்து ஆர்வமாக இருக்கிறவர்களுக்கு வழிகள் உண்டு. பள்ளிக் கல்வித் துறையின் குறுவட்டப் போட்டியில் வென்றால் மாவட்டம், அங்கே வென்றால் மாநிலம் என்று போகலாம். முதலமைச்சர் கோப்பையில் 12 முதல் 19 வயது வரை பள்ளிப் பிரிவு இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்குத் தேர்வு நடக்கும்போது மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

போகாதவர்களுக்கும் இது வீண் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஐந்து கிலோமீட்டரை முடித்த பெண்ணிடம், தன் கையாலேயே தேதி போட்டு எழுதிய ஒரு நோட்டு இருக்கும். "உன்னால முடியாது" என்று நாளைக்கு யாராவது சொன்னால், எடுத்துக் காட்ட அவளிடம் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல் மைதானத்தைத் திறந்து வைப்பது பள்ளியின் வேலை, சாயங்காலம் ஒரு மணி நேரம் தார் சுற்றும் வேலையை அண்ணனிடம் கொடுப்பது வீட்டின் வேலை.