கடல் எல்லையும் கடற்கரைப் பட்டதாரியும்

சில வாரங்களுக்கு முன்னர் வடமராட்சிக் கரையைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் என்னுடன் தொலைபேசியில் உரையாடினார். தந்தையார் கடற்றொழிலாளி. மகள் அக்குடும்பத்தின் முதற் பட்டதாரி. "ஐயா, மீனைப் பற்றிப் படித்து முடித்துவிட்டேன். இனி, கடலுக்குச் சட்டம் எழுதுகிறவர்களோடு இருந்து அந்த வேலையைப் பழக வேண்டும். அதற்கு அரசாங்கம் தருகின்ற புலமைப்பரிசில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்.

உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். தேடப் புகுந்தபோது அரை நூற்றாண்டு வரலாறு ஒன்று கண்முன் விரிந்தது. அதனை இங்கே பதிவு செய்வது பயனுடையது என்று கருதுகிறேன்.

கடற்சட்டம் பற்றிய உலக அளவிலான புலமைப்பரிசில்களில் ஒன்று இலங்கையர் ஒருவரின் பெயரைத் தாங்கியுள்ளது. அவர் ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. 1967 நவம்பரில் மோல்ற்றாவின் பிரதிநிதி ஆர்விட் பார்டோ, ஆழ்கடற் படுகை மனித குலம் முழுவதற்கும் உரிய சொத்து என்று ஐக்கிய நாடுகள் சபையில் முழங்கினார். அதனைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட கடற்படுகைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அமரசிங்க. 1973இல் மூன்றாவது கடற்சட்ட மாநாடு கூடியபோது அதன் தலைவராகவும் அவரே தெரிவானார். 1977இல் இலங்கையில் ஆட்சி மாறியது. தமது நாட்டுத் தூதுக்குழுவில் அவர் இடமிழந்தார். நாட்டின் பிரதிநிதியாக இல்லாதவர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கலாமா என்ற சர்ச்சை 1978இல் ஜெனீவா அமர்வில் எழுந்தது. ஈற்றில் மாநாடு அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. 1980 டிசம்பரில் அவர் காலமானார். அடுத்த ஆண்டே அவரது நினைவாகக் கடற்சட்டப் புலமைப்பரிசில் ஒன்றை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறுவியது.

மற்றொரு இலங்கையரையும் குறிப்பிட வேண்டும். சட்ட அறிஞர் கிறிஸ்ரோபர் பின்ரோ. கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் வங்காள விரிகுடாவின் அடியில் மிகத் தடிப்பாகப் படிந்திருக்கிறது. கண்டமேடைக்கு எல்லை வகுக்கும் பொது விதியை இங்கே பொருத்தினால் இலங்கைக்குப் பெரும் இழப்பு ஏற்படும் என்பதை அவரும் அவரது சகாக்களும் மாநாட்டுக்கு எடுத்துக்காட்டினர். இதன் பயனாக, இப்பகுதிக்கெனத் தனி விதி ஒன்று 1982ஆம் ஆண்டின் இறுதி ஆவணத்தில் இணைப்பாகச் சேர்க்கப்பட்டது. சிறிய நாடு ஒன்று கல்வியின் துணையால் பெரிய நாடுகளிடம் பெற்ற வெற்றி அது. அந்த விதியை ஆதாரமாக வைத்து இலங்கை தனது கண்டமேடைக் கோரிக்கையை ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவிடம் கையளித்த நாள் 2009 மே 8. முள்ளிவாய்க்காலில் போர் முடிவதற்குப் பத்து நாட்கள் இருந்தன. தொலைதூரக் கடற்படுகைக்கு நாடு உரிமை கோரிய அந்நாட்களில், வடக்கின் கடற்றொழிலாளிக்குத் தன் வீட்டு வாசலிலுள்ள கடலில் இறங்கும் உரிமை இருக்கவில்லை.

நிற்க.

கடற்சட்ட மாநாட்டின் பெரும் அமர்வு 1974 ஜூன் 20ஆம் நாள் வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் தொடங்கியது. அடுத்த சில நாட்களில், ஜூன் 26ஆம் 28ஆம் திகதிகளில், பாக்கு நீரிணைக்கு எல்லைக் கோடு வரைந்த ஒப்பந்தத்தில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் ஒப்பமிட்டனர். கச்சதீவு இலங்கையின் பக்கம் வந்தது. இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் நீரில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளை அனுபவிக்கும் என்றது 6ஆம் உறுப்புரை. ஆயினும் மீன்பிடி உரிமையை அது பெயர் குறித்துச் சொல்லவில்லை. 1976 மார்ச் 23இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை வகுக்கப்பட்டது. அவ்வேளை இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் பரிமாறிய கடிதங்கள், ஒருவர் நீரில் மற்றவர் மீன்பிடிக்கலாகாது என்று தெளிவாக வரையறுத்தன. இந்தியாவில் அப்போது அவசரகாலம். தமிழகத்தில் மக்கள் தெரிவு செய்த ஆட்சி அதற்கு இரு மாதங்களுக்கு முன்னரே கலைக்கப்பட்டிருந்தது. ஒப்பமிட்டவை கொழும்பும் புதுடில்லியும். அதன் விளைவைச் சுமப்பவர்கள் குருநகரிலும் நெடுந்தீவிலும் இராமேசுவரத்திலும் இருக்கிறார்கள்.

இங்கே என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். படகுகள் பிடிபட்ட செய்தியை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. இத்தனை ரோலர்கள், இத்தனை பேர், இத்தனையாம் திகதி வரை விளக்கமறியல். அறுந்த வலைகளின் பெறுமதி இவ்வளவு. அவ்வளவே செய்தி. அந்த 1976ஆம் ஆண்டுக் கடிதங்களின் வாசகத்தை முதன்முதலாக முழுமையாக வாசித்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கடலைப் பற்றி எழுதிய நானே கடலின் சட்டத்தைக் கற்காதிருந்தேன்.

யாழ்ப்பாணத்தின் கடற்கல்வி வரலாறும் ஏறத்தாழ இத்தகையதே. 1967இல் நோர்வே மதுவிலக்கு இயக்கத்தின் உதவியுடன் காரைநகரில் சீநோர் தோன்றியது. கண்ணாடி இழைப் படகுகள் அங்கே கட்டப்பட்டன. குருநகரில் வலைத் தொழிற்சாலை இயங்கியது. எல்லைக் கோடு வரையப்பட்ட அதே 1974இல் யாழ்ப்பாண வளாகம் பிறந்தது; 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே மீன்பிடியியலும் கற்பிக்கப்படுகிறது, சட்டமும் கற்பிக்கப்படுகிறது. 2010களில் நெதர்லாந்தின் ஆய்வு நிதியுடன் பாக்கு நீரிணை மீனவர் பிரச்சினை ஆராயப்பட்டபோது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அதில் பங்கேற்றது. மீனைப் பிடிக்கவும் மீனை ஆராயவும் நமக்குக் கற்பித்தவர்கள் பலர். கடலை ஆளுகின்ற இடத்தில் அமர்ந்து பழகுவதற்கு வழி திறந்தவர்களே அரிது.

அமெரிக்கா இதற்கு ஒரு வழி கண்டது. 1966இல் அங்கே கடலுக்கெனப் பல்கலைக்கழகங்களுக்கு நிதி வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 1979இல் தொடங்கிய புலமைப்பரிசில், பின்னர் ஜோன் க்னௌஸ் என்ற கடலியல் அறிஞரின் பெயரைப் பெற்றது. பட்டப்பின் படிப்பு மாணவர்களை ஓர் ஆண்டு காலம் தலைநகரிலுள்ள நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகங்களிலும் அரச திணைக்களங்களிலும் அமர்த்துவது அதன் முறை. மாணவர் ஏற்கெனவே அதிகாரியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2004இல் ஐக்கிய நாடுகள் சபையும் யப்பானின் நிப்பொன் நிதியமும் தொடங்கிய புலமைப்பரிசிலோ தன் நாட்டின் கடல் விவகாரங்களில் ஏற்கெனவே பணியாற்றுபவர்களுக்கு உரியது. உள்ளே இருப்பவரை அது மேலும் உயர்த்தும். வெளியே நிற்கும் கடற்றொழிலாளியின் மகளுக்கு முதற்கதவைத் திறந்துவிடுவது அதன் நோக்கமன்று.

அந்த முதற்கதவு ஏன் முக்கியம்? 2017 ஜூலையில் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டத்திருத்தம் இலங்கை நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அது. 2018இல் அத்துமீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணமும் பன்மடங்காக்கப்பட்டது. சட்டம் வந்த பின்னரும் வலைகள் அறுந்தே வந்தன. இந்தியப் படகுகளைப் பற்றிப் பேசும்போது நம் கரையிலுள்ள உள்ளூர் இழுவைப் படகுகளையும் பேசவேண்டியிருக்கிறது. இரு நாட்டு அதிகாரிகள் கூடுமிடத்தில், எந்தப் பருவத்தில் எந்த வலை எந்த ஆழத்தில் விரிக்கப்படுகிறது என்பதை அறிந்தவரும் சட்டத்தின் வாசகத்தை அறிந்தவரும் ஒரே ஆளாக இருந்தால் பேச்சு வேறுவிதமாக அமையும். பின்ரோ வண்டலின் தடிப்பை அறிந்து வாதாடியதனால்தான் வென்றார். நமது நீரிணைக்கும் அத்தகைய அறிவு வேண்டும்.

ஆண்டுக்கு நான்கைந்து பட்டதாரிகளைக் கடற்றொழில் அமைச்சிலும் வெளியுறவு அமைச்சிலும் மாகாண சபையிலும் ஓர் ஆண்டு அமர்த்துவதற்கு அரசு செலவிடவேண்டிய தொகை பெரிதன்று. அமரசிங்கவின் நாட்டுக்கு அது பொருத்தமான பணியும் ஆகும். அத்தகைய கதவொன்றை அந்தப் பெண்ணுக்கு இன்று என்னால் காட்ட இயலவில்லை. எனவே நான் அறிந்த வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களின் விவரத்தையும், 1974, 1976ஆம் ஆண்டு ஆவணங்களையும் அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாட்களின் பின் அவர் மீண்டும் அழைத்தார். கடிதங்களைத் தமிழாக்கித் தந்தையாருக்கு வாசித்துக் காட்டினாராம். முழுவதையும் கேட்ட தந்தையார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "இதில கையெழுத்து வைச்சவை ஆரும் எங்கட கரைக்கு வந்து பாத்தவையோ, பிள்ளை?"

அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும் நாளிலாவது அந்தக் கேள்விக்கு "ஓம்" என்று விடை சொல்லக்கூடியவர் ஒருவர் அங்கே இருக்கவேண்டும். அவர் அந்த மகளாகவே இருக்கட்டும்.