அலுவலக மடிக்கணினித் திருட்டுத் தடுப்பு: நாரந்தனையும் தீவகமும்

அலுவலக மடிக்கணினித் திருட்டுத் தடுப்பு மூன்று வேலைகள் சேர்ந்தது. பணியிடத்துக்குச் சொந்தமான மடிக்கணினி கட்டடத்திலோ பயணத்திலோ பணியாளரின் வீட்டிலோ களவு போகாமல் காப்பது ஒன்று. களவு போனாலும் அதிலுள்ள தரவு எடுத்தவனுக்குப் பயன்படாமல் செய்வது இன்னொன்று. பொருள் திரும்பக் கிடைத்தால் அது எங்களுடையதுதான் என்று காட்டப் போதுமான பதிவுகளை முன்கூட்டியே வைத்திருப்பது மூன்றாவது. அலுவலகங்கள் பெரும்பாலும் முதலாவதற்கே காசு செலவழிக்கின்றன. களவு நடந்த மறுநாள் கைகொடுப்பவை மற்ற இரண்டும்தான். அவற்றுக்குச் செலவு இல்லையென்றே சொல்லலாம்.

ஊரும் அலுவலகங்களும்

நாரந்தனை, வேலணைத் தீவு என்றும் லைடன் தீவு என்றும் வழங்கும் தீவில் உள்ள ஊர். நிர்வாகத்தில் தீவகம் வடக்கு எனப்படும் ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. ஊர்காவற்றுறை, கரம்பொன், சுருவில், புளியங்கூடல், சரவணை ஆகியவை அயலூர்கள். இந்தப் பக்கத்தில் மடிக்கணினி இருக்கும் பணியிடங்கள் சிறியவை: பாடசாலை அதிபரின் அறை, கிராம அலுவலர் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம், தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த வீடு. காவலாளி வைக்க வசதியுள்ள இடங்கள் அபூர்வம். ஓர் அலுவலகத்துக்கு ஒரு கணினிதான் என்ற நிலையும் உண்டு. அது போனால் வேலையே நின்றுவிடும். 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி ஏறக்குறையப் பாதியாக விழுந்த பிறகு, இறக்குமதிப் பொருளான மடிக்கணினியை மாற்றி வாங்குவதும் இலேசில்லை.

1990களின் தொடக்கத்தில் போரினால் தீவகம் பெருமளவு வெறிச்சோடியது. திரும்பி வந்தவர்களை விட வெளிநாட்டிலும் யாழ்ப்பாணப் பட்டினத்திலும் கொழும்பிலும் தங்கிவிட்டவர்கள் பலர். ஆகவே இங்கே ஓர் அலுவலகத்தின் அயல், பூட்டிய வீடாகவோ பற்றை மூடிய வளவாகவோ இருப்பது வழமை. பக்கத்து நாய் குரைத்தாலும் எழும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

தீவில் களவெடுத்தவன் எங்கே ஓடுவான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பட்டினத்துக்குத் தரைவழி பண்ணைப் பாலம் ஒன்றுதான். மற்றது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ஓடும், உள்ளூரில் 'பாதை' என்று சொல்லப்படும் மிதவை. வழி இரண்டென்றால் மறிப்பது சுலபம் என்று தோன்றும். ஆனால் வெள்ளி பின்னேரம் பூட்டிய கதவு திங்கள் காலையில்தான் திறக்கப்படுகிறது. வெள்ளி இரவே களவு நடந்திருந்தால், முறைப்பாடு எழுதப்படும் நேரத்தில் பொருள் தீவைத் தாண்டி இரண்டு நாளுக்கு மேலாகியிருக்கும். தைப்பொங்கல், ஈஸ்டர், சித்திரை வருடப்பிறப்பு, பாடசாலை விடுமுறை என்று வரும்போது இந்த இடைவெளி இன்னும் நீளும். ஆகவே விடுமுறை நாளில் ஒருதரம் யாராவது போய்ப் படலையைத் திறந்து பார்த்துவிட்டு வருவது, பல ஆயிரம் ரூபாய்ப் பூட்டை விடப் பெறுமதியான ஏற்பாடு.

கட்டடம்

அலுவலகங்கள் முன்கதவுக்குப் பெரிய பூட்டுப் போடுகின்றன. தீவகத்துப் பழைய கட்டடங்களில் பலவீனமான இடம் கதவல்ல, கூரை. ஓட்டுக் கூரையில் ஓடுகள் சலாகையில் கொளுவி நிற்பவை. ஆணி அடித்தவை அல்ல. நாலைந்து ஓட்டைச் சத்தமில்லாமல் தூக்கி அடுத்த வரிசையின் மேல் அடுக்கினால் ஓர் ஆள் இறங்க இடம் வந்துவிடும். சலாகை மெலிந்ததென்றால் கையாலேயே முறியும். சீற்றுக் கூரையில் ஆணியோ கொளுக்கியோ இருந்தாலும் உப்புக்காற்றில் அவை கறள் பிடித்துத் தாமாகவே விடுகின்றன. மாரி மழை கூரையில் கொட்டும் இரவில் கீழே யாருக்கும் எதுவும் கேட்காது. முழுக் கட்டடத்துக்கும் கூரை மாற்ற முடியாத இடத்தில், ஒரேயோர் உள்ளறைக்காவது கொங்கிறீற் தட்டோ, கூரைக்குக் கீழே பற்றவைத்த இரும்புக் கம்பி வலையோ போட்டு, கணினியை இரவில் அங்கே வைப்பதே நடக்கக்கூடிய காரியம்.

அடுத்தது யன்னல். காற்றுக்காக யன்னலைத் திறந்து வைத்து, வெளிச்சத்துக்காக மேசையை அதன் கீழ் போடுவது எல்லா ஊரிலும் பழக்கம். கம்பி இருக்கிறதே என்று நினைப்பார்கள். யன்னல் கம்பி ஆள் நுழையாமல் தடுக்கவென்று போட்டது. இன்றைய மடிக்கணினியின் தடிப்பு ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர்தான். விளிம்பில் நிமிர்த்தினால் கம்பிகளுக்கு இடையால் அது வெளியே வரும். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடியால் பையின் பட்டியைக் கொளுவி இழுத்தால் மேசையருகே வரவும் தேவையில்லை. மேசையை யன்னலிலிருந்து உள்ளே தள்ளிப் போடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இரும்பு அலுமாரி நல்ல காவல், அதன் திறப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து. கலண்டருக்குப் பின்னால் ஆணியில், மேசை லாச்சிக்குள், சாமிப் படத்தின் கீழே என்று திறப்பு இருக்கும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. கள்ளனுக்கும் தெரியும். அலுமாரியைச் சுவரோடு ஆணிபோட்டு இறுக்குவதும் அவசியம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கற்சுவர் உதிரக்கூடியது; அதில் ஆணி நிற்காது, நிலத்துக் கொங்கிறீற்றில் இறுக்க வேண்டும்.

கம்பிப் பூட்டு

மடிக்கணினிக்கென்றே வந்த பூட்டு, அமெரிக்கக் கென்சிங்டன் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் பரவலாக்கியது. கணினியின் பக்கவாட்டில் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் நீளமும் 3 மில்லிமீற்றர் அகலமும் உள்ள ஒரு துவாரம் இருக்கும். பூட்டின் நுனியில் ஆங்கில 'ரி' எழுத்தின் வடிவில் ஒரு நாக்கு. அது நேராக உள்ளே போய், திறப்பைத் திருப்பியதும் குறுக்கே திரும்பி நிற்கும். மறுமுனையில் இரும்புக் கம்பி வடம். அதன் வளையத்தை மேசையில் கொளுவுவது. பின்னாளில் கணினிகள் மெலிந்தபோது சிறிய துவாரமும், சில டெல் மாதிரிகளில் ஆப்பு வடிவத் துவாரமும் வந்தன. ஒன்றின் பூட்டு மற்றதற்குப் பொருந்தாது. அப்பிளின் இன்றைய மக்புக் கணினிகளில் இந்தத் துவாரமே இல்லை. பூட்டை வாங்கிவந்து துவாரம் தேடும் அலுவலகங்கள் உண்டு. கணினியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதே ஒழுங்கு.

இந்தப் பூட்டிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். வடத்தை வெட்டுகுறடு நறுக்கும். பலமாக முறுக்கி இழுத்தால் கணினியின் பிளாஸ்ரிக் உடல் உடைந்து பூட்டுக் கழன்றுவிடும், கணினி உடைந்தபடியே போகும். வட்டத் திறப்புப் போடும் பழைய வகைப் பூட்டுகளின் மானம் 2004இல் போயிற்று: அமெரிக்காவில் அதே பொறியமைப்புக் கொண்ட சைக்கிள் பூட்டுகளைப் பிக் குமிழ்முனைப் பேனாவின் குழாயால் திறந்து காட்டினார்கள், கிறிப்ரோனைற் நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஆக, கம்பிப் பூட்டு இரவுக் களவுக்கு மருந்தல்ல. பகலில், அதிபர் மணி அடிக்கப் போன நேரத்தில், கடிதம் வாங்க வந்தவர் போல உள்ளே நுழைந்து பைக்குள் போட்டுக்கொண்டு நடப்பவனைத்தான் அது தடுக்கும். சிறிய அலுவலகங்களுக்கு அந்த ஆபத்தும் சிறியதல்ல.

மேசையில் கொளுவும் விதத்திலும் கவனம் வேண்டும். வளையத்தை மேசைக் காலில் போட்டால் மேசையின் ஒரு மூலையை உயர்த்திக் கழற்றிவிடலாம். இரண்டு காலை இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் சுற்ற வேண்டும். பிளாஸ்ரிக் கதிரைக் கையில் கட்டிவைப்பதும் கட்டாமல் விடுவதும் ஒன்றுதான். கடற்கரை ஊர்களில் இன்னொரு தொல்லை உண்டு. வடத்தின் பிளாஸ்ரிக் உறை கீறுப்பட்ட இடத்தால் உப்பு ஈரம் இறங்கி உள்ளே கறள் ஏறும். பூட்டின் உள்ளமைப்பும் இறுகும். இறுகிய பூட்டுக்குத் தேங்காயெண்ணெய் விடுவது வீட்டு வைத்தியம். அது தூசியோடு சேர்ந்து பிசினாகி முன்னிலும் மோசமாக்கும். கிராபைற் தூள் போடுவது நல்லது.

வழியில்

தீவகத்தில் வேலை செய்யும் அரச ஊழியர்களில் கணிசமானோர் பட்டினத்திலிருந்து நாளாந்தம் மோட்டார் சைக்கிளிலோ பஸ்ஸிலோ வருகிறவர்கள். கணினியும் அவர்களோடு பண்ணைப் பாலத்தால் போய் வருகிறது. பஸ்ஸில் பையை மேல்தட்டில் வைக்காமல் மடியில் வைத்திருப்பதும், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்டுவிட்டுக் கடைக்குள் போகாமல் இருப்பதும் போதும். குறிகாட்டுவானிலிருந்து நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறும்போது கள்ளனை விடக் கடல்நீர்தான் பயம். நீர்புகாப் பையே அங்கு முதல் காவல்.

தரவு

உலகில் பேர்பெற்ற மடிக்கணினிக் களவுகளில் சில அலுவலகத்தில் நடந்தவையே அல்ல. 2006 மே 3ஆம் திகதி அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத் திணைக்களத்தின் ஊழியர் ஒருவரின் வீடு உடைக்கப்பட்டு மடிக்கணினியும் வெளித் தரவுத்தட்டும் போயின. அதில் ஏறக்குறைய 2 கோடியே 65 இலட்சம் பேரின் பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் ஆகியவை மறைகுறியாக்கம் இல்லாமல் கிடந்தன. அடுத்த மாதக் கடைசியில் கணினி கிடைத்தது. தரவைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்றார்கள். அப்படியிருந்தும் 2009இல் வழக்கைத் தீர்க்க 2 கோடி டொலர் கொடுக்க நேர்ந்தது. அதே 2006இல் பிரித்தானியாவின் நேஷன்வைட் நிதிச் சங்கத்து ஊழியர் ஒருவரின் வீட்டிலும் மடிக்கணினி களவுபோனது. அடுத்த ஆண்டு அந்தச் சங்கத்துக்கு நிதி ஒழுங்குமுறை அமைப்பு 9,80,000 பவுண் தண்டம் விதித்தது. காரணங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: கணினியில் வாடிக்கையாளர் விவரம் இருக்கிறது என்பதைச் சங்கம் உணர்ந்து விசாரணை தொடங்கவே மூன்று வாரம் சென்றது.

ஒரு கிராம அலுவலரின் கணினியில் குடும்ப அட்டை விவரம், அடையாள அட்டை இலக்கங்கள், அஸ்வெசும நலன்புரி உதவி பெறும் பயனாளிகளின் வங்கிக் கணக்குகள் இருக்கலாம். பாடசாலைக் கணினியில் பிள்ளைகளின் விவரம் இருக்கும். விண்டோஸ் நுழைவுக் கடவுச்சொல் மட்டும் இவற்றைக் காக்காது. தரவுத்தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் திறந்து கிடக்கும். முழுத்தட்டு மறைகுறியாக்கம் இருந்தால் அது நடவாது. விண்டோஸில் பிட்லொக்கர், அப்பிளில் பைல்வோல்ட், லினக்ஸில் லக்ஸ் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. பிட்லொக்கரின் மீட்புத் திறப்பு 48 இலக்கம் கொண்டது. அதை அச்சிட்டு வேறு கட்டடத்தில், எடுத்துக்காட்டாகப் பிரதேச செயலகத்தில், வைக்க வேண்டும். கணினிப் பைக்குள்ளேயே அந்தத் தாளை மடித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். கணினியை மூடித் தூங்கவிடாமல் முழுதாக நிறுத்துவதும் முக்கியம்: தூங்கும் கணினியின் நினைவகத்தில் மறைகுறித் திறப்பு இருந்துகொண்டிருக்கும் என்பதையும், நினைவகச் சில்லைக் குளிரவைத்து அதை எடுக்கலாம் என்பதையும் 2008இல் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஊர்க் கள்ளன் அவ்வளவு தூரம் போகமாட்டான். ஆனால் நிறுத்துவதற்கு ஒரு நிமிடம் போதும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் தரவை வைத்திருப்போர் தக்க பாதுகாப்புச் செய்யவும் மீறல் நேர்ந்தால் அறிவிக்கவும் கடப்பாடு விதிக்கிறது. ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணத்துக்கும் அதில் இடமுண்டு.

பதிவேடும் மீட்பும்

கைத்தொலைபேசி களவுபோனால் அதன் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தைக் கொடுத்து வலையமைப்பில் முடக்கலாம். பொதுவாக மடிக்கணினிக்கு அந்த இலக்கம் இல்லை. அதற்குள்ள ஒரே பிறப்புச் சான்று தொடர் இலக்கம். கணினியின் அடியில் ஒட்டியிருக்கும். டெல்லில் ஏழு எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. ஒட்டியதைச் சுரண்டிவிடலாம், ஆனால் அதே இலக்கம் கணினியின் அடிப்படை மென்பொருளிலும் பதிந்திருப்பதால் திறந்து பார்த்தால் தெரியும். பொருட்பதிவேட்டில் 'மடிக்கணினி – 1' என்று மட்டும் எழுதியிருந்தால் ஊர்காவற்றுறைப் பொலிஸாருக்குச் சொல்ல எதுவும் இராது. தொடர் இலக்கம், மாதிரி, வாங்கிய திகதி, பற்றுச்சீட்டின் பிரதி, மூடியையும் அடிப்பக்கத்தையும் எடுத்த இரண்டு படம் ஆகியவை போதுமானவை.

மூடியில் நிறுவனப் பெயரைப் பொறிப்பதும் பழைய உபாயம். 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது மூடியில் அரசுச் சின்னம் இருந்தது. விற்க வருபவனிடம் கடைக்காரர் கேள்வி கேட்க அது போதும். கேட்க விரும்பாத கடைக்காரரை அது ஒன்றும் செய்யாது. களவுப் பொருள் என்று அறிந்து வாங்குவதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமே.

அரச அலுவலகமென்றால் பொலிஸ் முறைப்பாட்டோடு வேலை முடியாது. நிதிப்பிரமாணம் 104இன் கீழ் இழப்புக் குறித்து முதலில் பூர்வாங்க அறிக்கையும், மூன்று மாதத்துக்குள் முழு அறிக்கையும் அனுப்ப வேண்டும். யாருடைய கவனக்குறைவு என்பதும் அங்கேதான் முடிவாகும். திறப்பு யாரிடம் இருந்தது, கடைசியாகப் பூட்டியவர் யார் என்பதை எழுதிவைக்காத அலுவலகத்தில் பழி பெரும்பாலும் இளைய ஊழியர் தலையில் விழுகிறது.

மீட்கப்பட்ட கணினி வழக்கின் சான்றுப் பொருளாக நீதிமன்றப் பொறுப்பில் வரும். உரிமையைக் காட்டிப் பெற்றுக்கொள்ள மேற்சொன்ன பதிவுகளே வேண்டியிருக்கும். கைக்கு வந்ததும் அதை அலுவலக வலையமைப்பில் இணைக்கக் கூடாது. இடையில் யார் எதைப் பதிந்தார்கள் என்பது தெரியாதாகையால், தட்டை முழுதாக அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, கணினி வெளியே இருந்த காலத்தில் பயன்பாட்டிலிருந்த கடவுச்சொற்களையெல்லாம் மாற்றிய பின்னரே மேசைக்கு வரவேண்டும்.