ஒத்துக்காரர்

வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் தேர்த்திருவிழாவில் என் தாத்தா ஒத்து ஊதியவர். நாகசுரக்காரர் ராகத்தை எங்கெங்கோ கொண்டுபோவார். தாத்தா பின்னால் நின்று, கன்னம் உப்ப, ஒரே சுரத்தை அறாமல் பிடித்திருப்பார். ஊரில் "ஒத்து ஊதறவன்" என்றால் ஏச்சு. "எனக்கு அதுதான்டா சோறு" என்பார்.

முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும் செல்லோவும் முதலில் ஒத்துக்காரர்தான். 17ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வயலின்களுக்கு அடியில் கீழ்ச்சுரம் வாசிப்பதே அதன் வேலை. பொலோன்யா நகரத்து சான் பெத்ரோனியோ தேவாலயத்தில் வாசித்த தொமெனிக்கோ கபிரியேல்லி 1680களில் அதை முன்வரிசைக்குக் கொண்டுவந்தார். அப்போ அடியில் யார்? இன்னொரு செல்லோவும் ஹார்ப்சிகார்டும். இதற்குக் கன்டினுவோ என்று பெயர். அச்சில் இருப்பது ஒரு கீழ்ச்சுர வரி, அதையொட்டிச் சில எண்கள், அவ்வளவுதான். எந்தச் சுரங்களைச் சேர்க்கலாம் என்று எண் சொல்லும். எப்படி என்பது வாசிப்பவர் கையில். நம் ஒத்துபோல ஓரிடத்தில் நிற்காது. நடக்கும், சமயத்தில் எதிர்ப்பேச்சும் பேசும்.

விவால்தியின் ஆறு செல்லோ சொனாட்டாக்கள் 1740 வாக்கில் பாரிஸில் அச்சாயின. ஜெமினியானியின் ஆறு 1746இல். அதே ஆண்டு புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள்; கொஞ்ச காலத்தில் வில்லியனூரும் பாகூரும் அவர்கள் கைக்குப் போயின. பீரங்கி உடனே வந்துவிட்டது. சொனாட்டா எங்கள் வீட்டுக்கு வர இருநூறு ஆண்டுக்கு மேல் ஆனது, ஒரு கேசட்டாக.

அதற்குள் கோயிலில் மின்சுருதிப்பெட்டி வந்து, தாத்தா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். விவால்தியின் ஈ மைனர் சொனாட்டாவைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"அடியில வாசிக்கிறவன் யாருடா?"

கேசட் அட்டையில் தேடினேன். பொடியெழுத்தில் இருந்தது.