வெள்ளம் கொண்டுவந்த மேலாளர்

1913 மார்ச் 25 காலை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் கிரேட் மயாமி ஆற்றின் கரை உடைந்தது. கடைத்தெருவில் இருபது அடி வரை தண்ணீர். பரணிலும் கூரையிலும் ஏறி நின்றவர்களை மீட்க, நகராட்சியை முந்திக்கொண்டு வந்தவை மேட்டிலிருந்த கல்லாப்பெட்டித் தொழிற்சாலையின் படகுகள். முதலாளி ஜான் பேட்டர்சன் தன் தச்சர்களை வைத்து ஏறக்குறைய 300 தட்டைப் படகுகளைச் செய்து இறக்கினார். வீடிழந்தவர்களுக்கு அந்த ஆலையிலேயே உணவும் படுக்கையும் கிடைத்தன.

நகர நிர்வாகத்தைக் கட்சிக்காரர்களிடமிருந்து மீட்டு, வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர் பேட்டர்சன். வெள்ளம் வடிந்தபோது ஊர் அவர் பேச்சுக்குக் காது கொடுத்தது.

ஆனால் இந்த யோசனை டேட்டனில் முளைத்ததல்ல. வர்ஜீனியாவின் ஸ்டான்டன் என்ற சிறு நகரம் 1908-லேயே சார்லஸ் ஆஷ்பர்னர் என்ற பொறியாளரை மேலாளராகச் சம்பளத்துக்கு அமர்த்தி, தெரு, குடிநீர் வேலைகளை ஒப்படைத்திருந்தது. ஆனால் அங்கே இரண்டு அவைகள் கொண்ட பழைய நகர மன்றம் அப்படியே இருந்தது. இன்னொரு பக்கம், 1900 புயலில் சிதைந்த கால்வெஸ்டன் நகரம் நிர்வாகத்துக்கு ஒரு சிறு ஆணையத்தை வைத்துக்கொண்டது. அதில் ஆளுக்கொரு துறை. சட்டம் போடுபவரே துறையையும் நடத்தினால் அவரைக் கேள்வி கேட்பது யார்? நியூயார்க்கின் ரிச்சர்ட் சைல்ட்ஸ் என்ற இளைஞர் இரண்டையும் இணைத்தார். கால்வெஸ்டனிடமிருந்து சிறிய மன்றம், ஸ்டான்டனிடமிருந்து மேலாளர். இந்தத் திட்டத்தை முதலில் சட்டமாக ஏற்றது தென் கரோலினாவின் சம்டர், 1912-இல். அந்த ஊர் மேலாளர் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தது!

டேட்டன் மக்கள் 1913 ஆகஸ்டில் புதிய நகர சாசனத்துக்கு வாக்களித்தார்கள். பெரிய நகரம் ஒன்று இதில் இறங்கியது அதுவே முதல்முறை. பனாமா கால்வாயைக் கட்டிய ஜார்ஜ் கோத்தல்ஸை அழைத்தார்கள், அவர் வரவில்லை. சின்சினாட்டியின் தலைமைப் பொறியாளர் ஹென்றி வெய்ட் 1914 ஜனவரியில் பொறுப்பேற்றார். வெளியூர்க்காரர், உள்ளூரில் ஒரு கட்சிக்கும் கடன்பட்டவர் அல்ல. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த முடிவு இது.

அமைப்பு இதுதான். மக்கள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். வரி, சட்டம், பட்ஜெட்டுக்கு ஒப்புதல் எல்லாம் அவர்கள் கையில். மேயரும் அந்த ஐவரில் ஒருவர்தான். கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், ஆனால் துறைகள் அவரிடம் இல்லை. பட்ஜெட்டைத் தயாரிப்பது, துறைத் தலைவர்களை நியமிப்பது, குப்பை அள்ளுவதிலிருந்து குழாய் பதிப்பது வரை மேற்பார்ப்பது எல்லாம் மேலாளரின் வேலை. தெருவில் பள்ளம் என்றால் மன்ற உறுப்பினர் மேஸ்திரியை நேரே அதட்ட முடியாது, மேலாளரிடம்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவு அதிகாரம் ஓட்டு வாங்காத ஒருவரிடமா என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான பயம்தான். அதனால்தான் அவருக்கு நிலையான பதவிக்காலம் தரப்படவில்லை. ஐந்தில் மூன்று கை உயர்ந்தால், அவர் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.