அவதாரம்

சேத்தியாத்தோப்புக்காரர்களுக்கு அவதாரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மேற்கே ஸ்ரீமுஷ்ணத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கும், திருமாலின் வராக அவதாரமான பூவராகர்தான். அதே ஊர்ப் பிள்ளைகள் செல்போன் விளையாட்டில் முடியும் நிறமும் சட்டையும் தேர்ந்தெடுத்து உருவாக்கும் பொம்மைக்கும் பெயர் அவதார்.

வடமொழியில் 'அவ' என்றால் கீழே. 'த்ரு' என்றால் கடத்தல். கடந்து கீழே இறங்குவது அவதாரம். தீர்த்தம் என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்தது; ஆற்றைக் கடக்கும் துறை என்பதே அதன் பழைய பொருள். பத்திரிகைத் தமிழிலோ நடிகர் 'இயக்குநர் அவதாரம்' எடுப்பது தினமும் நடக்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனது. 1980களின் நடுவில் லூகாஸ்ஃபிலிம் உருவாக்கிய 'ஹேபிடட்' விளையாட்டில், திரையில் ஆட்டக்காரருக்காக நடமாடும் உருவத்துக்குப் பெயரானது. நீல் ஸ்டீபன்சனின் 1992ஆம் ஆண்டு நாவலான 'ஸ்னோ கிராஷ்' அதைப் பரப்பியது. நம்மிடம் திரும்பி வந்தபோது கடைசி 'அம்' உதிர்ந்துவிட்டது.

பொருளும் மாறியது. முன்பு தெய்வம் மண்ணுக்கு இறங்கியது. இப்போது மனிதர் திரைக்குள் இறங்குகிறார். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டச் சிவலிங்கபுரத்தில் ஒரு திருமணம் நடந்தது. வரவேற்பு மட்டும் மெட்டாவெர்ஸ் என்னும் இணைய மெய்நிகர் உலகில். விருந்தினர் அவரவர் அவதாரில் வந்தார்கள். மணமகளின் காலமான தந்தைக்கும் ஓர் உருவம் செய்து, வாழ்த்த நிற்க வைத்திருந்தார்கள். இந்தச் சொல்லுக்கு நம் காலம் சேர்த்த பொருள்களில் இதையே நான் உயர்ந்ததாகக் கருதுகிறேன். அகராதிக்காரர்கள் 'அவதார்' என்பதைத் தனிச்சொல்லாகப் பிரிக்காமல், அவதாரத்தின் கீழேயே இந்தப் பொருளையும் எழுதிச் சேர்க்கலாம்.