திடலில் நின்ற பேராசிரியர்: அமோஸ் அலோன்சோ ஸ்டேக்



தேர்வு நெருங்கும் வேளையில் கால அட்டவணையிலிருந்து முதலில் காணாமற்போகும் பாடம் எது? உடற்கல்விதான் என்பதை ஆசிரியர்கள் அனைவரும் அறிவோம். கணிதப் பயிற்சிக்காக அந்த அரை மணி நேரத்தைக் கடன் வாங்கியவர்களுள் நானும் ஒருவன். அந்தக் கடனை நான் திருப்பித் தந்ததில்லை. உடற்கல்வி ஒரு முழுமையான பாடம்தானா? அதைக் கற்பிப்பவர் மற்ற ஆசிரியர்களுக்கு நிகரானவர்தானா? இக்கேள்விகளுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 1892ஆம் ஆண்டிலேயே விடையளித்தது. அந்த விடையின் நன்மையையும் தீமையையும் ஒருசேர விளக்கும் வாழ்க்கை அமோஸ் அலோன்சோ ஸ்டேக் என்பவருடையது.

சமயப் பணியிலிருந்து திடலுக்கு

ஸ்டேக் 1862ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு நகரில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை காலணி தைக்கும் தொழிலாளி. சமயப் போதகராக வேண்டும் என்ற நோக்கத்துடன் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், அங்கே சிறந்த பேஸ்பால் பந்து வீச்சாளராகப் புகழ்பெற்றார். தொழில்முறைக் குழுக்கள் பணம் தந்து அழைத்தபோதும் மறுத்துவிட்டார். 1889ஆம் ஆண்டில் அனைத்து அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்துக் குழுவிலும் அவர் பெயர் இடம்பெற்றது.

இங்கே ஒரு விளக்கம் தேவை. அமெரிக்கக் காற்பந்து நாம் ஆடும் காற்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரின் தடையை உடைத்துக்கொண்டு முன்னேறும் முரட்டு விளையாட்டு அது.

மேடையில் நின்று போதிக்கும் ஆற்றல் தமக்குப் போதாது என்று ஸ்டேக் உணர்ந்தார். ஆகவே ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியை நாடினார். இளைஞரின் ஒழுக்கத்தை விளையாட்டின் வழியே வளர்க்கலாம் என்பது அவருடைய நம்பிக்கை. அப்பள்ளியில்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891ஆம் ஆண்டு டிசம்பரில் கூடைப்பந்தைத் தோற்றுவித்தார். 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் பொதுமக்கள் முன்னிலையில் நடந்த முதல் ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என்ற கணக்கில் வென்றனர். ஆசிரியர் அணியின் அந்த ஒரே புள்ளியைப் பெற்றவர் ஸ்டேக்.

சிக்காகோவின் அழைப்பு

யேலில் ஸ்டேக்கிற்குப் பாடம் நடத்தியவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்னும் எபிரேய மொழி அறிஞர். புதிதாக அமைக்கப்பட்ட சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக ஹார்ப்பர் பொறுப்பேற்றபோது, தம் பழைய மாணவரை மறக்கவில்லை. ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளம், இணைப் பேராசிரியர் தகுதி, நிரந்தரப் பணி ஆகியவற்றை அளித்து அவரை அழைத்தார். உடற்கல்வி, விளையாட்டுத் துறையின் இயக்குநர் பதவியும் அவருக்கே கிடைத்தது. விளையாட்டுப் பயிற்றுநர் ஒருவர் பேராசிரியர் குழுவில் நிரந்தர இடம் பெற்றது அதுவே முதன்முறை என்று கருதப்படுகிறது.

அதுவரை கல்லூரிப் பயிற்றுநர் என்பவர் பெரும்பாலும் பழைய விளையாட்டாளர். பருவத்திற்கு வருவார், பருவம் முடிந்ததும் போவார். வெற்றி தராவிட்டால் மறு ஆண்டு அவரைக் காண இயலாது. ஸ்டேக்கின் நியமனம் இந்நிலையை மாற்றியது.

1892ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. அன்றே ஸ்டேக் பயிற்சியைத் தொடங்கினார். ஆட்டக்காரர்கள் போதாமையால் அம்முதல் ஆண்டில் தாமே குழுவில் இறங்கி விளையாடினார். அங்கிருந்து 41 பருவங்கள் அவர் சிக்காகோவில் பணியாற்றினார். 1905ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை 2-0 என வீழ்த்தி, 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாதிருந்த அந்தக் குழுவின் பெருமிதத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது அவருடைய குழு.

நிருவாகியாகவும் அவர் பல புதியவற்றைச் செய்தார். 1896ஆம் ஆண்டு ஜனவரியில் அயோவா பல்கலைக்கழகத்துடன் அவருடைய மாணவர்கள் ஆடிய ஆட்டமே, அணிக்கு ஐவர் வீதம் கல்லூரிகள் ஆடிய முதல் கூடைப்பந்தாட்டம் என்பர். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான திடல்தடப் போட்டிகளையும் தேசியக் கூடைப்பந்துப் போட்டியையும் அவர் நடத்தினார். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சியளித்தார்.

நாணயத்தின் மறுபக்கம்

இதுவரை படித்தவர்கள் இது வெறும் புகழுரை என்று எண்ணக்கூடும். வரலாறு அவ்வளவு எளிதன்று.

1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் அமெரிக்கா முழுவதும் காற்பந்துத் திடல்களில் ஏறத்தாழ 18 இளைஞர்கள் உயிரிழந்ததாக நாளேடுகள் எழுதின. நாடே கொதித்தது. அதிபர் தியோடர் ரூசவெல்ட் பல்கலைக்கழகப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைச் சீர்படுத்துமாறு கேட்டுக்கொண்டார். விதிமுறைக் குழுவில் ஸ்டேக்கும் அங்கம் வகித்தார். 1906ஆம் ஆண்டில் பந்தை முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. ஒருவர்மேல் ஒருவர் குவிந்து மோதும் முறைகளுக்குக் கட்டுப்பாடு வந்தது.

அதே 1905ஆம் ஆண்டில் 'காலியர்ஸ்' இதழ் வேறொரு குற்றச்சாட்டை முன்வைத்தது. வெற்றிக்காகப் பல்கலைக்கழகங்கள் கல்வித் தரத்தை விட்டுக்கொடுக்கின்றன என்பதே அது. அதில் சிக்காகோவின் பெயரும் இடம்பெற்றது. ஸ்டேக்கின் தலைசிறந்த ஆட்டக்காரரான வால்டர் எக்கர்சால், நுழைவுக்குத் தேவையான தகுதியை முழுமையாகப் பெறாமலே சேர்க்கப்பட்டவர். திடலில் ஆயிரக்கணக்கானோர் அவரைக் கொண்டாடினர். ஆயினும் அவர் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார்.

புகை, மது இரண்டையும் தொடாதவர் ஸ்டேக். விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும் என்று உளமார நம்பியவர். அத்தகையவரின் கண்முன்னேயே ஒரு மாணவனின் கல்வி வெற்றிக்கு விலையானது. ஆசிரியர் என்ற தகுதியை அவருக்குப் பல்கலைக்கழகம் தந்தது. ஆனால், அந்த மாணவனுக்கு அவர் முதலில் ஆசிரியராக இருந்தாரா, பயிற்றுநராக இருந்தாரா? கோப்பைகளை எண்ணி மகிழும் எந்தப் பள்ளியும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

எழுபதிலும் ஓயாதவர்

1929ஆம் ஆண்டில் ராபர்ட் ஹட்சின்ஸ் என்னும் 30 வயது இளைஞர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைவரானார். பல்கலைக்கழகம் நூல்களுக்கும் சிந்தனைக்கும் உரிய இடம் என்பது அவருடைய கொள்கை. 70 வயதை எட்டிய ஸ்டேக், 1932ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஓய்வுபெற வேண்டியதாயிற்று. மரியாதைக்காகத் தரப்பட்ட வேறு பொறுப்பை அவர் ஏற்கவில்லை. மாணவர்களுக்குப் பயிற்சியளிப்பதே தம் பணி என்று கூறி, கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரிலிருந்த சிறிய பசிபிக் கல்லூரிக்குச் சென்றார்.

1938ஆம் ஆண்டு நவம்பரில் அந்தச் சிறிய கல்லூரியின் குழு சிக்காகோவிற்கு வந்தது. ஸ்டேக்கின் பெயர் தாங்கிய திடலிலேயே சிக்காகோவை 32-0 என வென்றது. மறு ஆண்டு மிச்சிகனிடம் 85-0 எனத் தோற்ற சிக்காகோ, 1939ஆம் ஆண்டு டிசம்பரில் காற்பந்தையே கைவிட்டது.

வெறுமையான அந்தத் திடலுக்கு வேறொரு வரலாறு காத்திருந்தது. 1942ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், ஸ்டேக் திடலின் மேற்குப் பார்வையாளர் மாடத்தின் கீழிருந்த ஆட்டக்கூடத்தில், என்ரிகோ ஃபெர்மி தலைமையிலான அறிவியலாளர்கள் உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினையை நிகழ்த்தினர். அணு யுகம் பிறந்த இடம் ஒரு விளையாட்டுத் திடல் என்பது குறிப்பிடத்தக்கது. அத்திடல் இருந்த இடத்தில் பின்னர் பல்கலைக்கழகத்தின் பெரிய நூலகம் எழுந்தது.

ஸ்டேக்கோ ஓயவில்லை. 1943ஆம் ஆண்டில், தம் 81ஆம் வயதில், நாட்டின் சிறந்த பயிற்றுநராகத் தேர்வுபெற்றார். 1946ஆம் ஆண்டு முடிய 57 பருவங்கள் தலைமைப் பயிற்றுநராகப் பணியாற்றிய அவர், பின்னர் பென்சில்வேனியாவில் தம் மகனுக்குத் துணையாக நின்றார். மனைவி ஸ்டெல்லாவின் உடல்நிலை கருதி ஸ்டாக்டனுக்குத் திரும்பியபின், அங்குள்ள இளநிலைக் கல்லூரியில் பந்தை உதைக்கும் முறையைக் கற்பித்தார். 1960ஆம் ஆண்டில்தான் முழு ஓய்வு பெற்றார். அப்போது அவருக்கு 98 வயது. 1965ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், 102ஆம் வயதில் மறைந்தார். அவர் பெற்றதாகக் கணக்கிடப்பட்ட 314 வெற்றிகளை 1981ஆம் ஆண்டில்தான் பால் பிரையண்ட் என்ற பயிற்றுநர் கடந்தார்.

நாம் சிந்திக்க வேண்டியது

ஹார்ப்பர் திடலுக்குப் பேராசிரியர் இருக்கை தந்தார். ஹட்சின்ஸ் அதைத் திரும்பப் பெற்றார். இருவரும் கல்வியின் நலன் கருதியே செயல்பட்டனர். உடற்கல்வியை ஒதுக்கிவைத்தால் பிள்ளையின் உடலும் உள்ளமும் வாடும். வெற்றியை மட்டுமே துரத்தினால் எக்கர்சால் போன்ற பிள்ளையின் எதிர்காலம் வாடும். உடற்கல்வியைப் பாடமாக மதிப்பதும், விளையாடும் பிள்ளையை மாணவனாகவே பார்ப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை திடலில் பரிசு வென்று வந்தால் மகிழுங்கள். அன்றைய வீட்டுப்பாடத்தையும் கேளுங்கள். ஆசிரியர்களே, கடன் வாங்கிய உடற்கல்விப் பாடவேளையைத் திருப்பித் தருவோம். அடுத்த வாரம் முதல் நானும் தரவிருக்கிறேன்.