தலைகீழாய் நின்ற முதியவர்கள்

சிரசாசனம் ஐயாயிரம் வருசப் பழசு எண்டு சொல்லாத யூரியூப் காணொளி குறைவு. எங்கட வட்டத்தில் சிலபேர் காலையில் சுவரோரம் தலைகீழாய் நிற்கத் தொடங்கியபிறகு, அந்தக் கதையைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தோம்.

தலைகீழ் நிலை பழசுதான், பெயர்தான் புதுசு. 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகையில் இது விபரீதகரணி, ஆசனமல்ல, முத்திரை. தலையில் ஊறும் அமுதத்தை வயிற்றிலுள்ள சூரியன் குடித்துவிடுகிறது, உடலைக் கவிழ்த்தால் தப்பும் என்பது அதன் கணக்கு. ஆறு மாதத்தில் நரையும் திரையும் போய்விடுமாம்! இதைச் சிரித்துவிட்டுக் கடக்கலாம். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் இருக்கிறது: முதல்நாள் ஒரு கணம் மட்டும், பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டு. 1737இல் எழுதப்பட்ட ஜோகபிரதீபிகையில் தலையில் நிற்பதற்குக் கபாலி ஆசனம் என்று பெயர். சிரசாசனம் என்ற பெயர் பரவலானது அண்மைக் காலத்தில்தான்.

இதை உலகப் புகழாக்கியவர்கள் காட்டுத் துறவிகள் இல்லை. நேரு சிறையில் செய்தார். 1936இல் வெளிவந்த சுயசரிதையில் அந்தக் கோமாளித்தனமான நிலையே மனதை இலேசாக்கியது என்ற பொருளில் எழுதுகிறார். 1958இல் பெல்ஜியத்தின் எலிசபெத் அரசி, எண்பதைத் தாண்டிய வயதில், பி.கே.எஸ். ஐயங்காரிடம் இதைக் கற்றார். 1957இல் இஸ்ரேலியப் பிரதமர் பென் குரியன் எழுபது வயதில், காற்சட்டையோடு கடற்கரையில் தலைகீழாய் நிற்கும் படத்தைப் போல் கோல்ட்மன் எடுத்தார். (பென் குரியனின் அரசியலோடு எங்களுக்கிருக்கும் கணக்கு வேறு.) அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யோகியே இல்லை. மோஷே ஃபெல்டன்கிரைஸ் ஒரு பௌதிகவியலாளர், ஜூடோக்காரர். முதுகுவலியோடு வந்த கிழவரின் உடலைப் பழக்கியெடுத்துத்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்தார்.

'எந்த வயதிலும் செய்யலாம்' என்பதற்கு இந்தப் படங்களைத்தான் ஆக்கள் காட்டுகிறார்கள். ஆனால் அரசிக்குப் பக்கத்தில் ஐயங்கார் இருந்தார், பிரதமருக்கு ஃபெல்டன்கிரைஸ் இருந்தார். எங்களுக்கு இருக்கிறது ஃபோன் திரை. இந்த வித்தியாசம்தான் எங்களை யோசிக்கவைத்தது.

ஏனென்றால் கழுத்து இதற்கென்று அமைந்ததல்ல. ரெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நல்ல பயிற்சியுள்ள 45 பேரை அளந்தபோதே, தலையில் விழுந்த உச்சச் சுமை உடல் எடையின் 40 முதல் 48 வீதம். 60 கிலோ ஆளுக்கு 24 கிலோவுக்கு மேல். ஒரு சீமெந்துப் பையின் பாதி எண்டு வையுங்கோ. ஒரு காலை உதைத்து எழும்பினால் சுமை சட்டென்று ஏறுகிறது. இரண்டு காலையும் நீட்டியபடி சேர்த்து உயர்த்தினால் மெல்ல ஏறுகிறது. கஷ்டமான வழிதான் கழுத்துக்கு நல்லது. 2006இல் சென்னை சங்கர நேத்ராலயா வெளியிட்ட ஆய்வில், 75 பேருக்கும் நிற்கும்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பானது. இளையவர், முதியவர் என்ற பேதம் அதில் இல்லை. ஆகவே குளுக்கோமா உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். உயர் இரத்த அழுத்தமோ கழுத்துத் தேய்வோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

எங்கட அம்மம்மாமார் கேட்டால்? முழங்கையைத் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் உயர்த்தி, காலைத் தரையிலேயே வைத்திருக்கச் சொல்லுவோம். அதையே தோள் நடுங்காமல் ஒரு நிமிடம் பிடிக்கமுடியாத இருபது வயதுக்காரர் எங்களுக்குள்ளேயே மூன்றுபேர் இருக்கினம். அவையளும் இப்போதைக்கு அதோடுதான் நிற்கினம், கிழமையில் ஐந்து நாள், சுவர் பக்கத்தில்.